ரோசாப்பூ துரை விட்டுச்சென்ற வேலை

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் 'ரோசாப்பூ' என்று பெயர் சூட்டப்பட்ட ஆண்களைக் காணலாம். வெளியூரிலிருந்து வருவோருக்கு இது வியப்பளிக்கும். அது ஒரு வழக்கறிஞரின் நினைவாக இடப்படும் பெயர். கேரளத்தில் பிறந்து, எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று, மதுரையில் வாழ்ந்து, மதுரை மண்ணிலேயே அடக்கமான பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை இம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். மேலங்கியில் அவர் ரோஜா மலர் அணிவது வழக்கம் என்பதால் வந்த பெயர் அது என்பர். ஆண்டுதோறும் அவருடைய கல்லறைக்குச் சென்று அஞ்சலி செலுத்தும் வழக்கமும் அம்மக்களிடையே தொடர்கிறது.

மதுரைவாசியான எனக்கு ஜார்ஜ் ஜோசப் முதலில் ஒரு விடுதலைப் போராட்ட வீரராகவே அறிமுகமானார். அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து வாசித்தபோதுதான், அதற்குள் இன்னொரு கேள்வி இழையோடுவதைக் கண்டேன். காவல் துறை வரம்பு மீறினால், அதனிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் படைத்தவர் யார்? அவர் காலத்தில் அதற்கு விடை இருக்கவில்லை. விடை இல்லாத இடத்தில் ஒரு தனிமனிதர் நின்றார் என்பதே அவர் வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி.

செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு

1887 ஜூன் 5 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்கன்னூரில் பிறந்தார் ஜார்ஜ் ஜோசப். புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவமும் லண்டனில் சட்டமும் கற்று 1909-ல் தாயகம் திரும்பினார். சென்னையில் தொழிலைத் தொடங்கியவர், சில காலத்திலேயே மதுரைக்கு இடம்பெயர்ந்தார்.

பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை விட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றுக்கு வருவது அக்காலத்தில் எல்லாரும் செய்யக்கூடியதன்று. ஆனால் இந்த நகரம் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முனைந்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். 1918-ல் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தின் சார்பில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்ட மூவருள் ஒருவராக இருந்தார். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது மூவரும் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டில், மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ஆற்றிய உரைக்காக வரதராஜுலு நாயுடு கைது செய்யப்பட்டபோது, அவருக்காக வாதாடிய ராஜாஜிக்குத் துணையாக நின்றவரும் ஜோசப்தான்.

இவை எல்லாம் படித்தவர்களின் அரசியல் சார்ந்தவை. மதுரையின் மேற்குச் சமவெளியில் அப்போது நடந்துகொண்டிருந்ததோ வேறொன்று.

ரேகைச் சட்டம்

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்டது. 1911-ல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1914 முதல் மதுரையை ஒட்டிய பிரமலைக் கள்ளர் கிராமங்கள் ஒவ்வொன்றாக அதன் வரம்புக்குள் வந்தன. வயதுவந்த ஆண்கள் காவல் நிலையத்தில் தம் கைரேகையைப் பதிய வேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இரவுகளில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட பொது இடத்திலோ தங்கள் இருப்பை உறுதிசெய்ய வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். புதுமணம் புரிந்தவனும் முதியவனும் நோயாளியும் இதற்கு விலக்கல்லர் என்பதை அம்மக்களின் வாய்மொழி நினைவுகள் இன்றும் சொல்லும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். களவு குறித்து அக்காலத்து உழவர்களுக்கு உண்மையான குறைகள் இருந்தன. கிராமக் காவல் முறை, துப்புக்கூலி ஆகியவற்றின் பெயரால் நடந்தவை குறித்து 1890-களிலேயே மக்கள் கிளர்ச்சி எழுந்ததுண்டு. குற்றத்தைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் சட்டம் குற்றம் புரிந்தவனைத் தேடவில்லை. பிறப்பையே குற்றத்தின் சான்றாகக் கொண்டது. எவர்மீதும் எதையும் மெய்ப்பிக்கவேண்டிய தேவை காவலர்களுக்கு இல்லாமல் போயிற்று.

இந்தச் சட்டத்தில் என்னை அதிகம் சிந்திக்கவைத்த பகுதி வேறு. ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அரசு வெளியிடும் அறிவிக்கையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்று சட்டமே விதித்திருந்தது. அதாவது, காவல் நிலையத்தில் இழைக்கப்படும் அநீதியை முறையிடுவதற்கென இருந்த ஒரே வெளி இடமும் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டு கொடுப்பதும் மறுப்பதும், இரவில் வராதவனின் பெயரைக் குறிப்பதும் விடுவதும் நிலையத்து அலுவலரின் விருப்பமாயின. அத்தகைய அதிகாரம் கையூட்டுக்கும் பழிவாங்கலுக்கும் வழிவிடும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இதை ஆட்சியாளர்கள் அறியாதவர்களும் அல்லர். சென்னை மாகாணத்தில் வருவாய், காவல் ஊழியர்கள் செய்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855-லேயே தன் அறிக்கையை அளித்திருந்தது. அதன் தொடர்ச்சியாக 1859-ல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து காவல் துறை பிரிக்கப்பட்டது. 1902-03-ல் பணியாற்றிய ஃபிரேசர் ஆணையமும் காவல் துறையின் ஊழலைக் கடுமையாகச் சாடியது. ஒவ்வொரு முறையும் சீரமைப்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் மேலதிகாரியே கீழதிகாரியைக் கண்காணிப்பார் என்ற ஏற்பாட்டோடு அது நின்றது. துறைக்கு வெளியே, மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஓர் அமைப்பு தேவை என்ற எண்ணம் எழவே இல்லை.

பெருங்காமநல்லூர்

1920 ஏப்ரல் 3 அன்று, பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை பதிய மறுத்தனர். காவலர்கள் துப்பாக்கிச்சூடு நடத்தினர். மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் உயிரிழந்தனர். பிடிபட்டவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஓராண்டு நிறைவடைய அப்போது இன்னும் பத்து நாள்களே இருந்தன.

இரண்டு நிகழ்வுகளையும் அளவில் ஒப்பிட இயலாது. ஆனால் பின்விளைவை ஒப்பிடலாம். அமிர்தசரஸ் குறித்து ஹண்டர் குழு விசாரித்தது. காங்கிரஸ் தனியே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. மதுரைக்கு மேற்கே நடந்தது நாட்டின் கவனத்தை எட்டவில்லை. கொல்லப்பட்டவர்கள் சட்டப்படி 'குற்றப் பரம்பரை'. அவர்களுக்காகப் பேசுவது பலருக்கும் கௌரவக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும்.

அந்நிலையில் அவர்களுக்காகப் பேசியவர் ஜார்ஜ் ஜோசப். குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றங்களில் வாதாடினார்; பத்திரிகைகளில் எழுதினார். அவர் கள்ளரோ மறவரோ அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேயரின் கல்விக்கூடங்களில் பயின்றவர். காவல் நிலையத்துக்குக் கடன்படாதவர் என்பதுதான் அவரிடம் மக்கள் கண்ட முதல் தகுதி என்று நான் கருதுகிறேன். சாதி, உறவு, பிழைப்பு ஆகிய எதைக்கொண்டும் அவரை அச்சுறுத்த முடியாது. கணக்குக் கேட்பவர், கணக்குச் சொல்லவேண்டியவரைச் சார்ந்திருக்கக் கூடாது. பின்னாளில் சட்ட அறிஞர்கள் வகுத்த இந்த இலக்கணத்தை மதுரைச் சீமை மக்கள் தங்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

தனிமனிதரின் எல்லை

ஆனால் ஜோசப் ஒரு மனிதர். ஓர் அமைப்பு அல்லர். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். மோதிலால் நேருவின் 'இன்டிபென்டன்ட்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று அலகாபாத் சென்றார். ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் சிறை புகுந்தார். விடுதலையானபின், காந்தியடிகள் சிறையிலிருந்த 1923-ல் 'யங் இந்தியா' இதழை நடத்தினார். 1924-ல் வைக்கம் சத்தியாகிரகத்தில் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைதானபோது ஜோசப்பும் முன்னின்று சிறை சென்றார். அவரும் பிற தலைவர்களும் சிறையிலிருந்த வேளையில்தான் பெரியார் அங்கு சென்று போராட்டத்தை முன்னெடுத்தார். இந்து சமயத்தின் உட்பிரச்சினையை இந்துக்களே தீர்க்க வேண்டும் என்று காந்தியடிகள் கருதியதையும், ஜோசப் அதைக் குடியுரிமைப் பிரச்சினையாகக் கண்டதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இந்த ஆண்டுகளிலெல்லாம் அவர் நாட்டுக்குத் தேவைப்பட்டார். அவர் போனதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கம் இரவுதோறும் பெயர் அழைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. பாரிஸ்டர் ஊரில் இல்லை என்பதற்காகக் காவல் நிலையம் தன் பதிவேட்டை மூடிவைக்கவில்லை.

இக்காலத்தில் அரசு செய்த இன்னொரு ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றளவும் இயங்குகின்றன. அத்துடன் கிராமந்தோறும் பஞ்சாயத்துகளும் அமைக்கப்பட்டன. ஊராரின் நடத்தைக்குப் பொறுப்பேற்பதும், ஐயத்துக்குரியவர்களைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் அவற்றின் பணி. உள்ளூர் மன்றம் ஒன்று அமைந்தும், அதன் பார்வை காவல் துறையை நோக்கித் திரும்பவில்லை. காவல் துறையின் சார்பில் மக்களை நோக்கியே திரும்பியிருந்தது. உள்ளூர் அமைப்பு என்பதனாலேயே அது மக்களின் அமைப்பு ஆகிவிடாது. அதை நியமிப்பவர் யார், அது அறிக்கை அளிப்பது யாருக்கு என்பவையே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

சிறைகளும் பத்திரிகைகளும் தந்த அனுபவத்தோடு ஜோசப் மதுரைக்குத் திரும்பி மீண்டும் தொழிலை மேற்கொண்டார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளம் காமராஜர் சேர்க்கப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடிக் குற்றச்சாட்டு அடிப்படையற்றது என நிறுவினர். பின்னாளில் தமிழகத்தின் முதல்வராகவிருந்த ஒருவரைப் பொய் வழக்கிலிருந்து மீட்ட பெருமை அவர்களைச் சேரும்.

இவ்வழக்கையும் பெருங்காமநல்லூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். காமராஜர்மீது குற்றச்சாட்டு இருந்தது. எனவே வழக்கு இருந்தது. எனவே வழக்கறிஞரும் நீதிபதியும் சாட்சியைச் சோதித்து உண்மையைக் காண முடிந்தது. இரவு நிலையத்துக்குச் சென்று ரேகை வைத்தவன்மீது குற்றச்சாட்டே இல்லை. வழக்கு இல்லாதவனுக்கு வழக்கறிஞரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நீதிமன்றத்தை எட்டாத அத்துமீறல்களே காவல் நிலையங்களில் மிகுதி. அவற்றைக் கேட்கவே ஒரு நிலையான அமைப்பு வேண்டும்.

1937-ல் ஜோசப் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொறுப்பில் அவர் நீடித்தது சில மாதங்களே. 1938 மார்ச் 5 அன்று மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. குற்றப் பழங்குடிகள் சட்டம் அவர் மறைவுக்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தனர். 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இன்று யாரிடம் முறையிடுவது?

சட்டம் போய்விட்டது. ஜோசப் எதிர்கொண்ட கேள்வி போய்விட்டதா? 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த ஏழு கட்டளைகளுள் ஒன்று, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறை புகார் ஆணையங்களை அமைக்க வேண்டும் என்பது. காவல் கண்காணிப்பாளர், அவருக்கு மேற்பட்டோர் மீதான புகார்களை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான மாநில ஆணையமும், துணைக் கண்காணிப்பாளர் நிலை வரையிலானோர் மீதான புகார்களை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் தலைமையிலான மாவட்ட ஆணையமும் விசாரிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. விசாரிப்பவர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

தமிழ்நாடு 2013-ல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் இதை வேறுவிதமாக அமைத்துக்கொண்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர். காவல் துறைத் தலைமை இயக்குநரும் கூடுதல் தலைமை இயக்குநரும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். தம் கட்டுப்பாட்டில் உள்ள நிலையத்தின் மீது வரும் புகாரைத் தாமே விசாரிக்கும் இக்கட்டான நிலையில் அதிகாரிகளை இச்சட்டம் வைக்கிறது. ஜோசப் பிறந்த மண்ணான கேரளம், 2011-ல் இயற்றிய தன் காவல் சட்டத்தில் அதிகாரிகளுக்கு இடமளித்தாலும், தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. வட அயர்லாந்தில் 2000 முதல் காவல் துறைக்கு முற்றிலும் வெளியே ஒரு குறைதீர்ப்பாளர் இயங்கிவருகிறார்.

வெளியிலிருந்து ஒருவர் வந்தால் என்ன மாற்றம் நிகழும் என்பதை நாமே கண்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதித்துறை நடுவர் நேரில் காவல் நிலையம் சென்றார். அங்கு ஒத்துழைப்பு மறுக்கப்பட்டதும், நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நடுவரிடம் ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சியம் அளித்தார். துறைக்குள்ளும் மனச்சான்று உள்ளவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் வெளியிலிருந்து வரும்போதே அவர்களால் பேச முடிகிறது. ஆகவே சுயேச்சையான ஆணையம் நல்ல காவலருக்கு எதிரானதன்று, அவருக்குப் பாதுகாப்பு.

2025 ஜூனில் திருப்புவனம் காவல் எல்லைக்குள், மடப்புரம் கோயிலின் இளம் காவலாளி ஒருவர் விசாரணையின்போது உயிரிழந்தார். மீண்டும் மதுரைக் கிளையே தலையிட்டு, மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கப் பணித்தது. இரு நிகழ்வுகளிலும் நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. ஆனால் இரண்டிலும் உயிர் போனபிறகே வெளியார் உள்ளே வர முடிந்தது. முதல் அடி விழுந்த நாளில், மகனை அழைத்துச் சென்றார்கள் என்று தாய் ஓடிவரும் வேளையில், மாவட்டத்துக்குள்ளேயே கதவு தட்டத்தக்க சுயேச்சையான அலுவலகம் ஒன்று நமக்கு இல்லை.

மாவட்ட ஆணையத்தின் தலைமை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் இருக்க வேண்டும். பணியில் உள்ள காவல் அதிகாரிகள் அதில் உறுப்பினர்களாக இருக்கலாகாது. அறிவிப்பின்றி நிலையத்துக்குள் செல்லவும், கண்காணிப்புக் கேமரா பதிவுகளைப் பெறவும் அதற்கு உரிமை வேண்டும். அதன் பரிந்துரையை ஏற்கவில்லை எனில் அரசு காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். இவை புதிய கோரிக்கைகள் அல்ல. உச்ச நீதிமன்றம் சொன்னதன் வழியிலேயே அமைந்தவை. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் மாநிலச் சட்டப்பேரவையிடம் இருக்கிறது.

கேட்க நாதியற்ற மக்களுக்கு ஒரு காலத்தில் ஒரு பாரிஸ்டர் கிடைத்தார். அவர்கள் நன்றியோடு அவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டார்கள். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் வாய்ப்பதை நம்பி ஓர் ஊரின் பாதுகாப்பு இருக்க முடியாது. அவர் வெளியூர் போவார், சிறை செல்வார், ஐம்பது வயதில் இறந்தும் போவார். அவர் இல்லாத நாளிலும் இயங்கும் ஓர் அலுவலகத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைப்பதே ஜார்ஜ் ஜோசப் நம்மிடம் விட்டுச்சென்ற வேலை.